விளிம்பில் பொறித்த பெயர்

பதக்கத்தைக் கையில் வாங்குபவர் முதலில் நோக்குவது அதன் முகத்தை. அங்கே அரசரோ அரசியோ இருப்பார். மறுபுறம் திருப்பினால் ஒரு கப்பலையோ ஸ்பிங்க்ஸ் உருவத்தையோ காணலாம். பதக்கத்திற்கு உரியவர் இவ்விரு பக்கங்களிலும் இல்லை. நாணயத்தின் கனமே உள்ள விளிம்பைச் சுற்றி, உருப்பெருக்கிக் கண்ணாடி கொண்டு படிக்கவேண்டிய சிற்றெழுத்துகளில் அவருடைய பெயரும் பணிநிலையும் கப்பலும் பொறிக்கப்பட்டிருக்கும். பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்களில் பெரும்பாலானவற்றுக்கு இதுவே முறை. விக்டோரியா அரசியின் காலத்துக் கடற்படைப் பதக்கங்களின் விளிம்புகளில் திரும்பத் திரும்ப வரும் ஒரு பணிப்பெயர் 'ஸ்டோக்கர்' என்பது.

நம் புகைவண்டிகளில் ஃபயர்மேன் என்று அழைக்கப்பட்டவர் செய்த வேலையே கப்பலில் ஸ்டோக்கரின் வேலை. கொதிகலனின் உலையில் கரியிட்டுத் தீயை வளர்ப்பவர் அவர். இம்மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டுமென்று மலர்க்குழுவினர் கேட்டபோது, பத்தாண்டுகளாகக் கவிதையைப் பற்றியே பேசிவந்திருக்கும் நம் வட்டத்தில் கரி அள்ளிய ஒருவரைப் பற்றி எழுதலாமா என்று சற்றுத் தயங்கினேன். பின்னர் எழுதத் துணிந்ததற்குக் காரணம் ஒன்றே. அவர் எழுதி வைத்தவர். அவரைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் எழுதி வைக்காதவர்கள். இவ்வேறுபாடு வரலாற்றில் என்ன செய்கிறது என்பதை எழுத்தையே தொழிலாகவும் தவமாகவும் கொண்டோர் எண்ணிப் பார்த்தல் தகும்.

முதலில் அவ்வேலையைச் சற்று அருகில் சென்று பார்ப்போம். 1860ஆம் ஆண்டு மிதக்கவிடப்பட்ட 'வாரியர்' என்னும் இரும்புப் போர்க்கப்பல் இன்றும் போர்ட்ஸ்மத் துறையில் காட்சிக்கு நிற்கிறது. அதில் பத்துக் கொதிகலன்கள். அவற்றுக்கு நாற்பது உலைவாய்கள். நீர்மட்டத்துக்குக் கீழே, காற்றும் வெளிச்சமும் எட்டாத இடத்தில், நான்கு மணி நேர முறைவைத்து ஆட்கள் இறங்குவர். கரிக்கிடங்கிலிருந்து கரியை வாரி உலைவாய் வரை கொண்டுவருவது ஒரு வேலை. அதை உலையில் இடுவது வேறொரு வேலை. பின்னது வெறும் வலிமையால் ஆவதன்று. உலைக்கதவைத் திறந்து வைத்திருக்கும் நேரம் நீண்டால் குளிர்காற்றுப் புகுந்து ஆவியின் அழுத்தம் குன்றும். ஆகவே, திறந்த நொடியில் கரியைத் தட்டின்மேல் மெல்லியதாய், பள்ளம் மேடு இன்றிப் பரப்பவேண்டும். உருகிக் கட்டிய கசடை நீண்ட இரும்புக் கம்பியால் குத்திப் பெயர்த்து வாரியெடுக்கவேண்டும். சாம்பலை வாளியில் மேலேற்றிக் கடலில் கொட்டவேண்டும். கப்பல் ஆடும், தளம் சாயும், எதிரே நெருப்பு. கடலில் ஊழியம் செய்தும் வேலை நேரத்தில் கடலைக் காணாதவர்கள் இவர்கள்.

பாய்மரங்களின் பெருமையில் வளர்ந்த கடற்படைக்கு இவர்கள்மேல் மதிப்புக் குறைவு. மேல்தளத்து மாலுமிகள் சிறுவராகவே சேர்ந்து பயிற்சிக் கப்பல்களில் வளர்ந்தவர்கள். ஸ்டோக்கர்களோ வளர்ந்த ஆடவராகவே கரையிலிருந்து வந்து சேர்ந்தவர்கள்; கரிப்புழுதி படிந்தவர்கள். வெண்மையாகத் தேய்த்துக் கழுவிய தளத்தைக் கரியேற்றும் நாள்தோறும் கறுப்பாக்கிய குற்றமும் அவர்கள் தலைமேல் விழுந்தது. ஆயினும் மதிப்புக் கொடாதவர்களின் உயிர் அவர்கள் கையில் இருந்தது. 1889 மார்ச்சில் சமோவாத் தீவின் ஆப்பியா துறையில் பெரும்புயல் வீசியபோது, அங்கு நின்ற அமெரிக்க, ஜெர்மானியப் போர்க்கப்பல்கள் ஆறும் பாறைத்திட்டிலும் கரையிலும் மோதின. பிரிட்டிஷ் கப்பலான 'காலியோப்' ஒன்றே காற்றை எதிர்த்து அங்குலம் அங்குலமாக நகர்ந்து திறந்த கடலை அடைந்தது. அதைக் காத்தது பாயன்று, ஆவி. அதன் எந்திரப் பொறியாளர் பதவி உயர்வு பெற்றார். உலையின் முன் நின்றவர்களுடைய பெயர்களை இன்று யாரும் சொல்வதில்லை.

போர்ப் பதக்கம் மட்டும் இவ்வேற்றத்தாழ்வைப் பாராட்டவில்லை என்பதைச் சொல்லியாகவேண்டும். 1882இல் அலெக்சாந்திரியா நகரைக் குண்டுவீசித் தாக்கிய கப்பல்களில் பீரங்கியருகே நின்றவருக்கும் உலையருகே நின்றவருக்கும் கிடைத்தது ஒரே வெள்ளிப் பதக்கம்தான். இந்தியப் பெருங்கடல் நிலையத்தில் வெப்பம் தாளாமல் உலைவேலைக்கு அமர்த்தப்பட்ட ஆப்பிரிக்கர்கள் 'சீதி' எனப்பட்டனர். அவர்களுக்குரிய பதக்கங்களும் உண்டு. அத்தாக்குதல் அறமா என்பது வேறு வினா. அதற்கு விடைசொல்லும் இடம் விளிம்பில் இல்லை.

ஆனால் விளிம்பில் பொறித்த பெயரே பிழைபட்டால் என்ன ஆகும்? பிரிட்டனின் மிக உயர்ந்த வீரப்பதக்கமான விக்டோரியா சிலுவை 1856இல் நிறுவப்பட்டது. அதிகாரி, சிப்பாய் என்ற பாகுபாடு இல்லாமல் எவருக்கும் வழங்கலாம் என்பதே அதன் புதுமை. அதற்குரியனவாகக் கொள்ளப்பட்ட மிகத் தொடக்ககாலச் செயல்களுள் ஒன்றில் ஒரு ஸ்டோக்கர் பங்குகொண்டார். 1854 ஆகஸ்டில், பால்டிக் கடலில் ருசியாவின் வசமிருந்த ஓலாந்துத் தீவுக்கூட்டத்தில், ருசியப் பேரரசரின் தபால் வோர்தோ என்னும் தீவில் இறங்குவதாகச் செய்தி கிடைத்தது. 'அரோகன்ட்' கப்பலின் லெஃப்டினன்ட் பைதீசியும் தலைமை ஸ்டோக்கர் ஜான்ஸ்டனும் கரையேறினர். அத்தீவினரின் சுவீடிய மொழி ஜான்ஸ்டனுக்குத் தெரியும். இருவருக்கும் சேர்த்து ஒரு கைத்துப்பாக்கி. மறைந்திருந்து, தபாலுடன் வந்த ஐவரைத் தாக்கினர். இருவர் பையைப் போட்டுவிட்டு ஓட, மற்ற மூவரையும் சிறைப்பிடித்துத் தபாலோடு கப்பலுக்குக் கொண்டுவந்தனர்.

1857 ஜூன் 26 அன்று லண்டன் ஹைடு பூங்காவில் அரசியே தம் கையால் முதல் விக்டோரியா சிலுவைகளை அணிவித்தார். பைதீசி அன்று பெற்றுக்கொண்டார். ஜான்ஸ்டன் அங்கில்லை, அயல்கடலில் கப்பலில் இருந்தார். இரண்டே மாதத்தில் கடலிலேயே இறந்தார். அரசிதழ் அவரை 'வில்லியம்' என்கிறது. கப்பலின் ஆள்பதிவேடு 'ஜான்' என்கிறது. அந்த இரவுகளில் பதுங்கியிருந்தபோது அவர் என்ன நினைத்தார், தபால்காரர்களிடம் சுவீடிய மொழியில் என்ன சொன்னார் என்பவற்றுக்கு அவருடைய சொல் ஒன்றும் எஞ்சவில்லை. தம் பெயர் இன்னதென்று சொல்லவும் அவர் வரவில்லை.

இனி, எழுதி வைத்தவரிடம் வருவோம்.

வில்லியம் லாஷ்லி 1867ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று இங்கிலாந்தின் ஹாம்ப்ஷயர் மாவட்டத்தில் ஹாம்பிள்டன் என்னும் ஊரில் பிறந்தார். வயல்வேலை செய்த குடும்பம். இருபத்தொன்றாம் வயதில் கடற்படையில் சேர்ந்தார். 'காலியோப்' புயலை வென்ற 1889ஆம் ஆண்டு அது. விக்டோரியா அரசியின் கடைசிப் பன்னிரண்டு ஆண்டுகள் அவர் உலையருகே கழிந்தன. குடிக்கமாட்டார், புகைக்கமாட்டார். பார்வைக்குப் பெரிய ஆளல்லர். ஆனால் அவருடைய வலிமை கண்டு உடனிருந்தோர் வியந்தனர். 1901 ஜனவரியில் அரசி மறைந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில், கமாண்டர் ஸ்காட் தலைமையில் தென்துருவக் கண்டத்தை நோக்கிப் புறப்பட்ட 'டிஸ்கவரி' கப்பலில் லாஷ்லி தலைமை ஸ்டோக்கராக இருந்தார்.

கப்பல் பனியில் உறைந்து நின்றபின் ஸ்டோக்கருக்கு என்ன வேலை என்று கேட்கத் தோன்றும். அங்கேதான் அவருடைய வேலை தொடங்கியது. 1903 அக்டோபரில் மேற்கு மலைகளை நோக்கிச் சென்ற குழுவின் சறுக்குவண்டிகளில், அடிக்கட்டைக்குத் தகடாயிருந்த ஜெர்மன் சில்வர் கிழிந்துபோக, எல்லோரும் கப்பலுக்குத் திரும்பினர். தகட்டைத் திருத்தியவர்களுள் லாஷ்லி ஒருவர். மீண்டும் புறப்பட்டபின், மற்றவர் திரும்ப, கடைசிவரை சென்றவர் மூவர்: ஸ்காட், எட்கர் எவன்ஸ் என்னும் மாலுமி, லாஷ்லி. உயரப் பீடபூமியில், தங்கள் தோளாலேயே வண்டியை இழுத்து, ஐம்பத்தொன்பது நாள் நடந்தனர்.

திரும்பும் வழியில், டிசம்பர் 14 அன்று, ஸ்காட்டும் எட்கர் எவன்ஸும் பனிப்பிளவினுள் விழுந்து வாரில் தொங்கினர். வண்டி பிளவின்மேல் பாலம்போல் கிடந்தது. அதன் ஒரு பக்கம் முறிந்திருந்தது. மேலே நின்றவர் லாஷ்லி ஒருவரே. ஒரு கையால் வண்டியை நழுவாமல் பற்றிக்கொண்டு, மறுகையால் பனிச்சறுக்குக் கட்டைகளை உருவி அதன் அடியில் செருகினார். ஸ்காட் கயிற்றைப் பற்றி ஏறி வந்தார். பிறகு எவன்ஸ் இழுக்கப்பட்டார். லாஷ்லியின் கை அன்று சோர்ந்திருந்தால் பிற்காலம் அறிந்த ஸ்காட் இல்லை. இச்செயலுக்கென்று பதக்கம் எதுவும் கிடைக்கவில்லை. ஸ்காட்டே 1905இல் வெளியிட்ட நூலில் எழுதியதால் நாம் அறிகிறோம். அதிகாரி எழுதினார், ஆதலால் அது நிகழ்ந்ததாயிற்று!

அதே நடையில் மூவரும் பனியே இல்லாத ஒரு பள்ளத்தாக்கினுள் இறங்கினர். சுற்றிலும் பனிக்கண்டம், காலடியில் மணலும் கூழாங்கல்லும். பாசிகூட இல்லாத அந்நிலத்தை ஸ்காட் சாவின் பள்ளத்தாக்காகக் கண்டார். லாஷ்லியோ, உருளைக்கிழங்கு பயிரிட நல்ல இடம் என்றார். இதைச் சிரிப்புக்காகச் சொல்வோர் உண்டு. எனக்கோ, பதினான்காண்டு நெருப்பருகே நின்றபின்னும் மண்ணைக் கண்டவுடன் விழித்துக்கொண்ட உழவர் மகனே அதில் தெரிகிறார்.

1904இல் அரசர் ஏழாம் எட்வர்டு துருவப் பதக்கத்தை நிறுவினார். எண்கோண வடிவம், வெண்ணிற நாடா. முகத்தில் அரசர், புறத்தில் 'டிஸ்கவரி' கப்பலும் வண்டி இழுக்கும் மனிதர்களும். லாஷ்லிக்கு வெள்ளியில் கிடைத்தது. கடற்படைப் பதக்கங்களில் ஓர் உலைத்தொழிலாளி தான் செய்த வேலையைத் தன் பதக்கத்தின்மேல் காண்பது அரிது. இதிலோ வண்டி இழுப்போர் உருவம் இருந்தது.

அடுத்த சில ஆண்டுகள் ஆஸ்போர்ன் கடற்படைக் கல்லூரியில் பயிற்றுநராக இருந்தார். வருங்கால அதிகாரிகள் அனைவரும் எந்திரவியலும் கற்கவேண்டும் என்ற புதிய திட்டத்தின்படி 1903இல் திறக்கப்பட்ட கல்லூரி அது. உயர்குடிச் சிறுவர்கள் ஸ்டோக்கரிடம் பாடம் கேட்கும் காலம் வந்துவிட்டது. 1910இல் ஸ்காட் மறுபடியும் தெற்கே புறப்பட்டபோது லாஷ்லியை அழைத்துக்கொண்டதும் எந்திரத்துக்காகவே. உல்ஸ்லி நிறுவனம் செய்த மூன்று மோட்டார் சறுக்குவண்டிகள் கொண்டுசெல்லப்பட்டன. ஒன்று கரையிறக்கும்போதே கடற்பனியை உடைத்துக்கொண்டு மூழ்கிற்று. எஞ்சிய இரண்டும் 1911 அக்டோபர் 24 அன்று தென்துருவம் நோக்கிப் புறப்பட்டன. கடுங்குளிரிலும் எந்திரம் அளவுமீறிச் சூடேறியது, தாங்கிகள் உடைந்தன. நவம்பர் தொடக்கத்திலேயே இரண்டும் பனியில் கைவிடப்பட்டன. லாஷ்லியும் உடன்வந்தோரும் சுமையைத் தோளில் மாட்டிக்கொண்டனர். மற்றவர்களின் வண்டிகளை மட்டக்குதிரைகள் இழுத்துக்கொண்டிருந்த அந்த வாரங்களிலேயே இவர்கள் மனிதவலிமையால் இழுக்கத் தொடங்கிவிட்டனர் என்பதை நினைவில் வைக்கவேண்டும்.

அந்நாட்களில் லாஷ்லி ஒரு நாட்குறிப்பு எழுதினார். இலக்கணம் சறுக்கும், நிறுத்தக்குறிகள் தோன்றிய இடத்தில் விழும். உணர்ச்சியைப் பற்றிய சொற்கள் மிகக் குறைவு. எத்தனை மைல் நடந்தோம், பனியின் மேற்பரப்பு எப்படி, என்ன உண்டோம் என்பவையே மிகுதி. 1911 கிறிஸ்துமஸ், அவருடைய நாற்பத்துநான்காம் பிறந்தநாள். அன்று ஆழம் தெரியாத பனிப்பிளவில் விழுந்து வாரில் தொங்கினார். மேலே இழுத்தெடுத்தவர்கள் வாழ்த்துச் சொன்னார்களாம். அதற்கு அவர் தந்த மறுமொழி அச்சேறத் தக்கதன்று என்பது குழுவில் வழங்கிய கதை. அவருடைய குறிப்பிலோ அளவுகள்தாம் வருகின்றன. துன்பத்தை அளந்து எழுதுகிற பழக்கம் ஆவியழுத்தமானியைப் பார்த்தே நாளைக் கழித்தவருக்கு இயல்பாக வந்திருக்கும் என்று எண்ணுகிறேன். நம் கவிதைகளில் இவ்வடக்கம் அரிதாகி வருகிறது என்று சொன்னால் நண்பர்கள் பொறுத்தருள்க.

1912 ஜனவரி 4 அன்று, துருவத்துக்கு ஏறத்தாழ நூற்றைம்பது மைல் இருக்கையில், ஸ்காட் நால்வரை உடனழைத்துக்கொண்டு மேலே சென்றார். மற்ற மூவர் திரும்பினர்: லெஃப்டினன்ட் எட்வர்டு எவன்ஸ், அயர்லாந்து மாலுமி டாம் கிரீன், லாஷ்லி. முன்னர்ச் சொன்ன எட்கர் எவன்ஸ் வேறு, இவர் வேறு. எட்கர் துருவக் குழுவோடு சென்று உயிர் நீத்தார். திரும்பிய மூவருள் எட்வர்டு எவன்ஸை ஸ்கர்வி நோய் பற்றிக்கொண்டது. வைட்டமின் சி என்பது இன்னதென்று எவருக்கும் தெரியாத காலம். உலர்ந்த இறைச்சியும் பிஸ்கட்டுமே உணவு. பிப்ரவரி நடுவில் அவரால் நிற்கவும் முடியவில்லை. தம்மை விட்டுவிட்டுப் போகும்படி கட்டளையிட்டார். இருவரும் மறுத்தனர். தம் கடற்படை வாழ்வில் தம் கட்டளை மீறப்பட்டது அந்த ஒருமுறைதான் என்று பின்னாளில் எவன்ஸ் சொல்வதுண்டு. உயிர்வாழ இன்றியமையாதவை தவிர மற்றவற்றையெல்லாம் பனியில் எறிந்துவிட்டு, அவரை வண்டியில் கட்டி இழுத்தனர்.

தங்குமிடத்துக்கு முப்பத்தைந்து மைல் இருக்கையில் கால்கள் மறுத்தன. பிப்ரவரி 18 அன்று கிரீன் மூன்று பிஸ்கட்டும் இரண்டு சாக்லேட் துண்டும் எடுத்துக்கொண்டு தனியே நடந்தார். பதினெட்டு மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தார். அந்த நடை புகழ்பெற்றது, பெறவேண்டியதே. ஆனால் கூடாரத்தில் தங்கியவரைப் பற்றிப் பேசுவோர் குறைவு. அருகிலிருந்த உணவுக்கிடங்கைத் துழாவச் சென்ற லாஷ்லி, அங்கே முன்பு சென்றோர் வைத்துப்போன ஒரு சீட்டைக் கண்டார். அங்கிருந்து கடற்பனி வரையுள்ள வழியில் மோசமான பிளவுகள் பல இருப்பதாக அது எச்சரித்தது. கிரீன் போன வழி அது. கிரீன் போய்ச் சேராவிட்டால் மூவருக்கும் முடிவு. லாஷ்லி சீட்டை நோயாளியிடம் சொல்லவில்லை. கூடாரத்துக்குத் திரும்பி, உணவு கொடுத்து, உடல் துடைத்து, பேசிக்கொண்டிருந்தார். இரண்டாம் நாள் வெளியே நாய்களின் குரைப்பொலி கேட்டது.

இச்செய்தியை நமக்குச் சொல்வது அவருடைய குறிப்பேடு ஒன்றே. எவன்ஸுக்கு அப்போது தெரியாது; கிரீனுக்கும் தெரியாது. பதக்கத்துக்கான பரிந்துரையில் எழுதத்தக்க செயலுமன்று அது. ஒருவர் மற்றவரிடம் சொல்லாமல் விட்ட சொல் எந்த ஆவணத்தில் ஏறும்? குறிப்பு முழுவதும், தூக்கிச் சுமந்த நாட்களிலும்கூட, நோயாளியை 'மிஸ்டர் எவன்ஸ்' என்றே எழுதுகிறார். அந்த மரியாதையில் பணிவு இருக்கிறது. ஆனால் அடிமைத்தனம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கட்டளையை மீறியவரும் அவரே அன்றோ?

அந்த நவம்பரில் ஸ்காட்டின் கூடாரத்தைத் தேடிச் சென்ற குழுவிலும் லாஷ்லி இருந்தார். இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட ஏழு கோவேறு கழுதைகள் அவர்களுடன் சென்றன. குலாப், பேகம், ராணி, அப்துல்லா, பியாரி, லால்கான், கான் சாகிப் என்ற பெயர்கள் தென்துருவப் பனியில் ஒலித்தன. 1912 நவம்பர் 12 அன்று கூடாரத்தைக் கண்டனர். உள்ளே ஸ்காட்டும் வில்சனும் பவர்ஸும் உயிரற்றுக் கிடந்தனர். எழுதி வைத்த ஏடுகள் அருகில் இருந்தன.

1913 ஜூலை 26 அன்று பக்கிங்காம் அரண்மனையில் அரசர் ஐந்தாம் ஜார்ஜ், கிரீனுக்கும் லாஷ்லிக்கும் ஆல்பர்ட் பதக்கம் அணிவித்தார். உயிர்காத்தோருக்கென 1866இல் விக்டோரியா அரசி தம் மறைந்த கணவரின் பெயரால் நிறுவிய பதக்கம் அது. அதில் இரண்டு வகுப்புகள்: ஈடிணையற்ற துணிவுக்குப் பொன், அதற்குச் சற்றுக் குறைந்ததாகக் கருதப்படுவதற்கு வெண்கலம். இவ்விருவருக்கும் கிடைத்தது வெண்கலம். எந்தத் தராசில் நிறுத்தார்கள் என்று கேட்கத்தான் தோன்றுகிறது. துருவப் பதக்கத்துக்குப் புதிய இணைப்புப் பட்டை ஒன்றும் சேர்ந்தது. அவருடைய நாட்குறிப்பின் ஒரு பகுதியை உடன்சென்ற செரி கராட் 1922இல் தம் நூலில் அப்படியே சேர்த்து வெளியிட்டார். குறிப்புகள் தனிநூலாக வர 1969 வரை காத்திருக்கவேண்டியிருந்தது. லாஷ்லி அதைக் காணவில்லை.

ஓய்வூதியம் பெற்று விலகியவரை முதல் உலகப்போர் திரும்ப அழைத்தது. 1915 மார்ச் 18 அன்று தார்தனெல்ஸ் நீரிணையில் கண்ணிவெடி பட்டு மூழ்கிய 'இர்ரெசிஸ்டிபிள்' கப்பலிலிருந்து தப்பினார். பின் வேறொரு கப்பலில் பணி செய்தார். போருக்குப்பின் கார்டிஃப் துறைமுகத்தில் சுங்கப் பணி. கடற்படையின் உலைகளுக்கு உகந்ததென்று போற்றப்பட்ட வேல்ஸ் நாட்டுக் கரி உலகெங்கும் ஏற்றுமதியான துறை அது. இளமையில் வாரி இறைத்த கரி கப்பலேறுவதை முதுமையில் கரையில் நின்று பார்த்தார்.

லெஃப்டினன்ட் எவன்ஸ் அட்மிரலாகி, பின்னர் மவுன்டெவன்ஸ் பிரபுவானார். லாஷ்லியின் பெயரைத் தென்துருவக் கண்டத்தில் ஒரு மலைத்தொடரும் ஒரு பனியாறும் தாங்கி நிற்கின்றன. 1932இல் ஓய்வு பெற்றுப் பிறந்த ஊரான ஹாம்பிள்டனுக்குத் திரும்பி, 1940 ஜூன் 12 அன்று இறந்தார். அங்கே தம் வீட்டுக்கு அவர் வைத்த பெயர் 'மின்னா பிளஃப்'. தெற்கிலிருந்து வண்டி இழுத்துத் திரும்புவோர் வழியறிய நோக்கும் கருநிறப் பாறைமுகடு ஒன்றின் பெயர் அது. அதைக் கண்டுவிட்டால் குடிசை தொலைவில் இல்லை.